திண்ணையும் உள்ளறையும்

2009 ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாள், ட்விட்டரின் லாகின் பக்கத்தை ஒரு சிறு நிரல் தட்டத் தொடங்கியது. ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல்: தவறு. அதே பயனர் பெயர், அகராதியிலிருந்து அடுத்த சொல்: தவறு. மறுபடி அடுத்த சொல். ஆயிரக்கணக்கான முறை தவறிய பிறகும் அந்தப் பக்கம் கதவைச் சாத்தவில்லை. கடைசியில் ஒரு சொல் பொருந்திவிட்டது. முழுக்கச் சிறிய எழுத்துகளால் ஆன, எந்த ஆங்கில அகராதியிலும் கிடைக்கிற சாதாரணச் சொல்.

அந்தப் பயனர் பெயருக்கு உரியவர் ட்விட்டரின் ஊழியர். அவருடைய கணக்குக்குள் நுழைந்தவர் எந்தப் பயனரின் கடவுச்சொல்லையும் மாற்றலாம். பிறர் பார்க்காதபடி மறைத்து வைத்த ட்வீட்டுகளையும் படிக்கலாம். அவர் மாற்றிய கடவுச்சொற்களில் சில வேறொரு தளத்தில் வெளியாயின. அவற்றை எடுத்துக்கொண்டு வேறு சிலர் சுமார் ஒன்பது கணக்குகளில் புகுந்தார்கள். பதவியேற்கக் காத்திருந்த பராக் ஒபாமாவின் கணக்கும் அவற்றில் ஒன்று. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த அந்தக் கணக்கிலிருந்து, 500 டாலர் மதிப்புள்ள பெட்ரோல் பரிசு என்று ஒரு ட்வீட் போனது.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதை விசாரித்தது. வழக்கு 2011 மார்ச்சில் உடன்பாட்டில் முடிந்தது. அதன் புகார் ஆவணத்தை இணையதளம் கட்டும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன். கடவுச்சொல் பலவீனமாக இருந்தது என்ற குறை அதில் இருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். என் கண் நின்ற இடம் வேறு. 2006 ஜூலை முதல் 2009 ஜனவரி வரை ஊழியர்கள் தங்கள் நிர்வாகக் கடவுச்சொல்லை இட்டது, பொதுமக்கள் லாகின் செய்யும் அதே பக்கத்தில்தான் என்கிறது ஆவணம். அந்த நிர்வாக அதிகாரமும் ஏறக்குறைய எல்லா ஊழியர்களிடமும் இருந்ததாம். ஊழியர்களுக்கென்று தனி லாகின் பக்கம் வைக்கத் தவறியதை ஓர் அரசு அமைப்பு பாதுகாப்புக் குறையாக எழுதி வைத்திருக்கிறது. பொதுப் பகுதி எங்கே முடிகிறது, அட்மின் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி, நிரல் எழுதுபவர்களின் வசதியைப் பற்றிய சின்ன விஷயம் என்று அதன்பின் யாரும் சொல்ல முடியாது.

நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை யாருக்கும் பொது. வழிப்போக்கர் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். ரேழியைத் தாண்டிக் கூடத்துக்கு வருபவர் தெரிந்தவர். நெல்லும் நகையும் பத்திரமும் இருக்கிற உள்ளறைக்கு வீட்டார்கூட எல்லோரும் போவதில்லை. வலைச்செயலிக்கும் இதே அடுக்குதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அது புரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி புரிந்துவிடும். வீட்டில் உள்ளறைக்குப் போக வேண்டுமென்றால் திண்ணை, ரேழி, கூடம் என்று நடந்துதான் போக வேண்டும். வழியில் யாராவது பார்த்துவிடுவார்கள். இணையத்தில் ஒவ்வொரு அறைக்கும் தெருப்பக்கமாக ஒரு கதவு இருக்கிறது. பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்பக்கத்துக்கு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முகவரி தெரிந்தால் யாரும் எந்த அறையையும் நேராகத் தட்டலாம்.

*

இரண்டு பகுதிகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதைப் பார்க்க நாம் ஒரு செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் வெளிவரும் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’. 2003-இல் அதன் இணையப் பிரிவில் இருந்த ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் பைத்தான் மொழியில் தளங்களை எழுதத் தொடங்கினார்கள். செய்தி அலுவலகத்தில் ஒரு புதிய பகுதியைக் கட்டி முடிக்கச் சில நாள் கிடைக்கும். சில சமயம் சில மணி நேரம்தான். தேர்தலோ விளையாட்டுப் போட்டியோ நிரலுக்காகக் காத்திருக்காது. வாசகர் பார்க்கும் பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக வடிவமைக்கத்தான் வேண்டும். ஆனால் செய்தியாளர் தகவலை உள்ளிடும் பக்கம்? தலைப்புக்கு ஒரு கட்டம், உள்ளடக்கத்துக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம், கீழே ‘சேமி’ பொத்தான். ஒவ்வொரு தடவையும் அதே வேலை. அதை இயந்திரமே செய்யட்டும் என்று விட்டார்கள். தரவின் வடிவத்தை ஒருமுறை எழுதினால் போதும். அட்மின் பகுதி தானாக உருவாகிவிடும்.

அந்த நிரல்தொகுதி 2005 ஜூலையில் ‘ஜாங்கோ’ என்ற பெயரில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயர் அது. செய்தியை வெளியிடுபவர்கள் ஒரு பக்கம், படிக்கும் பொதுமக்கள் ஒரு பக்கம் என்ற தெளிவான பிரிவினை உள்ள அலுவலகத்தில் பிறந்ததால்தான் தங்கள் அட்மின் பகுதி இப்படி இருக்கிறது என்று அதன் பயிற்சிப் பாடமே சொல்கிறது. அந்த அட்மினை வைத்துப் பொதுத் தளத்தையே கட்டப் பார்க்காதீர்கள், அது நிறுவனத்தின் உள்வேலைக்கு மட்டும் என்றும் ஆவணத்தில் எச்சரித்திருக்கிறார்கள்.

ஒரு செய்தியை அருகில் வைத்துப் பார்ப்போம். டேட்டாபேஸில் அது ஒரே ஒரு வரிசை. தலைப்பு, உள்ளடக்கம், எழுதியவர், வெளியாக வேண்டிய நேரம், நிலை. நிலை என்பது ‘வரைவு’ அல்லது ‘வெளியானது’. இரவு 11 மணிக்கு உதவி ஆசிரியர் இந்த வரிசையைத் திறக்கிறார். அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும்: வரைவு, பழைய திருத்தங்கள், யார் எப்போது மாற்றினார்கள், எல்லாம். அவர் மாற்றியது அந்த நொடியே திரையில் தெரிய வேண்டும். காலை 6 மணிக்கு அதே வரிசையை இருபதாயிரம் வாசகர்கள் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு வெளியான செய்தி மட்டும் போதும். அரை நிமிடம் பழைய நகல் வந்தாலும் குற்றமில்லை. ஆனால் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும். எனவே வாசகர் பக்கத்தை நகலெடுத்து வைத்து, அதே நகலை ஆயிரம் பேருக்குக் கொடுப்போம். அட்மின் பக்கத்தை ஒருபோதும் அப்படி நகலெடுத்து வைக்கக் கூடாது.

கூடாது என்றால் உண்மையிலேயே கூடாது. 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் விளையாட்டுக் கடையின் நகல் அமைப்பில் நேர்ந்த தவறால், ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படி அந்நியர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் உரிய பக்கமும் எல்லோருக்கும் பொதுவான பக்கமும் ஒரே நகல் பெட்டிக்குள் விழுந்ததுதான் காரணம்.

‘வெளியான செய்தி’ என்ற நிபந்தனையைப் பற்றி இன்னும் கொஞ்சம். இதை நிரலில் எங்கே எழுதுவீர்கள்? பலரும் முதல் பக்கத்தை எழுதும்போது அங்கே எழுதுவார்கள். பிறகு விளையாட்டுப் பகுதியில் ஒரு தடவை. பிறகு ‘தொடர்புடைய செய்திகள்’ பட்டியலில். பிறகு மொபைல் ஆப்புக்குத் தரவு கொடுக்கும் இடத்தில். ஆறு மாதம் கழித்துத் தேடல் வசதி வருகிறது, எழுதுபவர் புதியவர். நிபந்தனையைச் சேர்க்க மறக்கிறார். நாளை மாலை வெளியாக வேண்டிய செய்தியின் தலைப்பு இன்றே தேடல் முடிவில் வந்து நிற்கிறது. இதற்கு மருந்து, பொதுப் பகுதி டேட்டாபேஸை நேராகத் தொடாமல், வெளியானதை மட்டும் எடுத்துத் தரும் ஒரே வழியாகத் தொடுவது. நிபந்தனை அந்த ஒரு வழியில் மட்டும் இருக்கும். மறக்க இடமே இருக்காது. முடிந்தால் இன்னும் ஒரு படி மேலே போங்கள். பொதுப் பகுதி டேட்டாபேஸுக்குள் நுழையும் கணக்குக்குப் படிக்க மட்டும் உரிமை கொடுங்கள். எழுத வேண்டிய ஓரிரு அட்டவணைகளுக்கு மட்டும் எழுத அனுமதி போதும். அப்போது நிரலில் ஓட்டை விழுந்தாலும் சேதம் ஓரளவோடு நிற்கும்.

ஜாங்கோவின் ஆரம்பப் பதிப்புகளில், ஒரு தரவின் வடிவத்தை விவரிக்கும் இடத்திலேயே, அட்மினில் அது எப்படித் தெரிய வேண்டும் என்பதையும் எழுதினார்கள். 2008-இல் 1.0 பதிப்பு வருவதற்கு முன் அதைப் பிரித்துத் தனிக் கோப்புக்கு மாற்றினார்கள். செய்தி என்பது செய்தி; அதை வாசகர் எப்படிப் பார்க்கிறார், ஆசிரியர் எப்படிப் பார்க்கிறார் என்பது அந்தச் செய்திக்கே தெரிய வேண்டியதில்லை. நிரல்களை அடுக்குவதற்கு நான் பின்பற்றும் முறையும் இதுதான்: நடுவில் தரவும் அதன் விதிகளும், ஒரு பக்கம் பொதுப் பகுதி, மறுபக்கம் அட்மின் பகுதி. இரண்டு பகுதிகளும் நடுவைக் கூப்பிடலாம். ஒன்றையொன்று கூப்பிடக் கூடாது. கோப்புறைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதெல்லாம் அவரவர் விருப்பம்.

*

இப்போது முகவரிக்கு வருவோம். அட்மின் பகுதியின் முகவரியை யாரும் ஊகிக்க முடியாதபடி வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘அட்மின்’ என்பதற்குப் பதிலாக ஏதோ ஒரு விநோதப் பெயர். அதில் தவறில்லை, கண்மூடித்தனமாகத் தட்டிப் பார்க்கும் நிரல்களின் தொல்லை குறையும். ஆனால் அதைப் பூட்டு என்று நினைத்தால் மோசம் போவோம். முகவரிகள் கசியும். பிரவுசரின் வரலாற்றில் இருக்கும், யாரோ அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கும். சிலர் தாங்களாகவே சொல்லியும் விடுகிறார்கள்: தேடுபொறிகள் எந்தப் பக்கங்களைத் தொடக் கூடாது என்று எழுதும் ‘ரோபாட்ஸ்’ கோப்பில் அட்மின் முகவரியையும் எழுதிவைக்கிறார்கள். அந்தக் கோப்பை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

முகவரிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள குழப்பத்தைக் காட்ட வேர்ட்பிரஸை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதில் ‘இஸ்-அட்மின்’ என்று ஒரு சார்பு உண்டு. பெயரைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? ‘இவர் அட்மினா?’ என்று கேட்பதாகத்தானே? அது கேட்பது வேறு: ‘இந்தக் கோரிக்கை அட்மின் பகுதியின் முகவரிக்கு வந்திருக்கிறதா?’ வந்தவர் யார் என்பதைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்தை முழுக்க மாற்றாமல் பின்னணியில் தரவு வாங்குவதற்கான ‘அட்மின்-ஏஜாக்ஸ்’ என்ற கோப்பு, அட்மின் கோப்புறைக்குள் இருக்கிறது. ஆனால் லாகின் செய்யாத வாசகர்களுக்கான வேலைகளும் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. அந்தக் கோப்பை யார் கூப்பிட்டாலும் ‘இஸ்-அட்மின்’ ஆம் என்று பதில் சொல்லும். இதை அறியாமல், ‘இஸ்-அட்மின் ஆம் என்றால் அமைப்புகளை மாற்ற விடு’ என்று எழுதிய செருகுநிரல்கள் பல. தெருவில் போகிறவர் தளத்தின் அமைப்பையே மாற்ற அவை வழி திறந்தன. ‘பாதுகாப்புச் சோதனைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், இந்தப் பயனருக்கு இந்த உரிமை உண்டா என்று கேட்கும் வேறு சார்பு இருக்கிறது, அதைக் கேளுங்கள்’ என்று வேர்ட்பிரஸ் ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. கதவுக்கு உள்ளே நிற்பதால் மட்டும் ஒருவர் வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டார்.

பொத்தானை மறைப்பதும் இதே வகைப் பிழை. ஆசிரியருக்கு மட்டும் ‘நீக்கு’ பொத்தான் தெரியும், வாசகருக்குத் தெரியாது. சரி. ஆனால் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று பாருங்கள். அழுத்தியதும் பிரவுசர் சர்வருக்குச் சில வரிகள் அனுப்புகிறது: ‘செய்தி எண் 417-ஐ நீக்கு, என் செஷன் குக்கி இது’. சர்வருக்கு வந்து சேர்வது இந்த வரிகள்தான். பொத்தான் அங்கே வருவதில்லை. அந்த வரிகளைப் பொத்தானே இல்லாமல் கையால் எழுதியும் அனுப்பலாம். அதற்கான கருவி ஒவ்வொரு பிரவுசரோடும் வருகிறது. ஆகவே கேள்வி கேட்க வேண்டிய இடம் திரை அல்ல. சர்வரில், 417 நீங்கப் போகிற அந்த இடத்தில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நீங்கள் யார்? நீக்குவது என்ற செயலுக்கு உங்களுக்கு உரிமை உண்டா? இந்த 417-ஐ நீக்க உரிமை உண்டா?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுமனை உரிமைக் காப்பீடு செய்யும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நிறுவனத்தின் தளத்தில் ஒரு ஆவணத்தின் இணைப்பு கிடைத்தவர், முகவரியில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அடுத்தவரின் ஆவணம் திறந்தது. வங்கிக் கணக்கு எண், வரி விவரம், எல்லாம் அதில் இருந்தன. 2019 மே மாதம் இது வெளியே தெரிந்தபோது அப்படித் திறந்து கிடந்த ஆவணங்கள் 88.5 கோடி.

ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் கணினிப் பாதுகாப்புக்கு எட்டுக் கோட்பாடுகள் தந்தார்கள். வலை என்ற ஒன்றே அப்போது கிடையாது. அவற்றில் இரண்டு நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகின்றன. ஒன்று, ஒவ்வொரு பொருளையும் தொடும் ஒவ்வொரு முறையும் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தோமே என்று விடக் கூடாது. இன்னொன்று, இயல்பு நிலை மறுப்பாக இருக்க வேண்டும். அனுமதி மட்டுமே எழுதப்பட வேண்டும்.

இந்த இரண்டாவது கோட்பாடு நிரல்களை அடுக்கும் முறையையே மாற்றுகிறது. அட்மின் பக்கங்கள் நாற்பது இருக்கின்றன என்றால், நாற்பதிலும் ‘லாகின் செய்தவரா?’ என்று எழுதலாம். நாற்பத்தொன்றாவது பக்கத்தில் எழுத மறந்தால் அது திறந்து கிடக்கும். அதற்குப் பதிலாக அட்மின் முகவரிகள் அனைத்தையும் ஒரே குழுவாகக் கட்டி, அந்தக் குழுவின் தலையில் சோதனையை வைத்தால், நாற்பத்தொன்றாவது பக்கம் பிறக்கும்போதே பூட்டியிருக்கும். மறதியின் விலை அப்போது ‘பக்கம் திறக்கவில்லையே’ என்ற புகார்தான்; அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ரெயில்ஸ், லாராவெல் ஆகிய நிரல்தொகுதிகளில் இந்த வழக்கம் வெகுகாலமாக உண்டு. ஜாங்கோ 2024-இல் வந்த 5.1 பதிப்பில், தளம் முழுவதையும் இயல்பாகவே பூட்டிவைத்துவிட்டு, பொதுப் பக்கங்களை மட்டும் பெயர் சொல்லித் திறக்கும் வசதியைச் சேர்த்தது.

ஆனால் தலைவாசல் காவல் ஒன்றையே நம்பிவிடவும் கூடாது. 2025 மார்ச்சில் நெக்ஸ்ட்-ஜேஎஸ் என்ற பிரபலமான நிரல்தொகுதியில் ஒரு ஓட்டை தெரியவந்தது. கோரிக்கைகள் பக்கங்களைச் சேரும் முன் இடைமறித்துச் சோதிக்கும் ‘மிடில்வேர்’ அடுக்கு அதில் உண்டு. அந்த அடுக்கு தன்னைத்தானே முடிவில்லாமல் கூப்பிட்டுக்கொள்ளாமல் இருக்க, ஒரு தலைப்பு வரியை உள்ளுக்குள் அடையாளமாக வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் கோரிக்கையில் யாராவது அதே வரியைச் சேர்த்து அனுப்பினால், மிடில்வேர் சோதனை நடக்காமலே கோரிக்கை உள்ளே போய்விடும். வாசலில் மட்டும் காவல் வைத்த தளங்கள் திறந்துகொண்டன. தரவைத் தொடும் இடத்தில் மறுபடி ஒருமுறை கேட்ட தளங்கள் தப்பின. வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2017 பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த இந்த வகைக் கோளாறு, 2021 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. யார் எதைச் செய்யலாம் என்ற சோதனை சரியாக இல்லாதது என்பதுதான் அந்தக் கோளாறு.

*

இதுவரை வெளியிலிருந்து உள்ளே புக நினைப்பவரைப் பற்றிப் பேசினோம். ஆனால் திண்ணையிலிருந்து உள்ளறைக்குத் தினமும் தானாகவே ஒன்று போய்க்கொண்டிருக்கிறது: பொதுமக்கள் எழுதும் சொற்கள். ‘எங்களைத் தொடர்புகொள்ள’ படிவத்தில் ஒருவர் பெயர் எழுதும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாகச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறார். பொதுப் பகுதியில் எதுவும் நடக்காது; ‘நன்றி, விரைவில் பதில் தருவோம்’ என்று வரும். மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவர் காபியோடு உட்கார்ந்து அட்மின் பகுதியில் புதிய கடிதங்களின் பட்டியலைத் திறக்கிறார். பெயர் என்று நினைத்து அந்தப் பக்கம் அச்சிடும் வரிகளை, பிரவுசர் நிரலாக எடுத்து ஓட்டுகிறது. அந்த நிரல் இப்போது அட்மினின் அதிகாரத்தோடு ஓடுகிறது. புதிய அட்மின் கணக்கு ஒன்றை உருவாக்கு என்று சர்வருக்குச் சொன்னால், சர்வர் மறுக்கக் காரணமே இல்லை. கேட்பது அட்மினின் பிரவுசர் ஆயிற்றே. பொதுப் பக்கங்களை எழுதும்போது ஜாக்கிரதையாக இருப்பவர்கள், ‘உள்ளே நம்மவர்கள்தானே’ என்று அட்மின் பக்கங்களில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். அதிக அதிகாரம் இருக்கும் இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

இங்கேதான் தனி ஹோஸ்ட் பெயர் உதவுகிறது. பிரவுசரின் பார்வையில் ஒரு ‘இடம்’ என்பது நெறிமுறை, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் சேர்ந்தது. முகவரியில் அதற்குப் பின்னால் வரும் பாதை கணக்கில் இல்லை. ஆகவே ஒரே ஹோஸ்டில் ஒரு பாதையில் பொதுத் தளமும் இன்னொரு பாதையில் அட்மினும் இருந்தால், பிரவுசருக்கு இரண்டும் ஒரே வீடு. வாசகர் கருத்துப் பகுதியில் புகுந்த நிரல், அட்மின் லாகின் செய்திருக்கும் பிரவுசரில் ஓடினால், அட்மின் பக்கங்களையும் வாசித்துவிடும். அட்மினுக்கு வேறு ஹோஸ்ட் பெயர் கொடுத்தால் நடுவில் பிரவுசரே சுவர் எழுப்புகிறது. அட்மின் செஷன் குக்கியை அந்த ஹோஸ்டுக்கு மட்டும் உரியதாகக் கட்டிவிட வேண்டும். தாய் டொமைன் முழுக்கப் பரவ விட்டால் சுவரில் நாமே ஜன்னல் வைத்தது போல. சின்னக் குழுவாக இருந்தால் இரண்டு தனிச் செயலிகள் எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரே செயலி, ஒரே டேட்டாபேஸ், இரண்டு முகவரிக் குழுக்கள், இரண்டு ஹோஸ்ட் பெயர்கள்: இந்த அமைப்பு வெகுதூரம் தாங்கும்.

இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும். 2005 மே மாதம் கூகுள் ‘வெப் ஆக்சிலரேட்டர்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் உள்ள இணைப்புகளை நீங்கள் சொடுக்கும் முன்பே அது திறந்து வைத்துக்கொள்ளும். சொடுக்கியதும் பக்கம் உடனே வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் பல வலைச்செயலிகளில் ‘நீக்கு’ என்பதும் ஒரு சாதாரண இணைப்பாகவே இருந்தது. ஆக்சிலரேட்டர் லாகின் செய்தவரின் சார்பில் எல்லா இணைப்புகளையும் வரிசையாகத் திறந்துகொண்டே போனது. தரவுகள் நீங்கிக்கொண்டே போயின. பார்ப்பதற்கு ‘கெட்’, மாற்றுவதற்கு ‘போஸ்ட்’ என்று வலையின் நெறிமுறை ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தது. அதைச் செயலிகளை எழுதியவர்கள் மதிக்கவில்லை. லாகின் செய்த அட்மின் வேறொரு தளத்தைப் பார்க்கும்போது, அந்தத் தளம் மறைவாக அவருடைய பிரவுசரை ஏவி, அட்மின் பகுதிக்குக் கோரிக்கை அனுப்பச் செய்யும் தாக்குதலும் இதே குடும்பம். ‘போஸ்ட்’ மட்டும் அதைத் தடுக்காது. அதனால்தான் ஒவ்வொரு படிவத்திலும் ஊகிக்க முடியாத ஒரு டோக்கனை வைத்து, அது திரும்பி வருகிறதா என்று சர்வர் பார்க்கிறது.

*

சுவர் கட்டியாயிற்று, பூட்டும் போட்டாயிற்று. உள்ளே இருக்கும் மனிதர்கள்?

2020 ஜூலை 15 அன்று மீண்டும் ட்விட்டர். இந்த முறை கடவுச்சொல்லை யாரும் ஊகிக்கவில்லை. ஊழியர்களுக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது: ‘ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் இணைப்பில் ஏதோ சிக்கல்.’ நம்பியவர்களின் லாகின் விவரங்கள் போயின. அவற்றின் வழியே உள் நிர்வாகக் கருவிகள் கைமாறின. 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. 45 கணக்குகளிலிருந்து மோசடி ட்வீட்டுகள் போயின. ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், ஈலான் மஸ்க், ஆப்பிள் நிறுவனம் என்று பெரிய பெயர்கள். ‘பிட்காயின் அனுப்புங்கள், இருமடங்காகத் திருப்பித் தருகிறோம்’ என்ற செய்தியை நம்பி மக்கள் இழந்தது 1,18,000 டாலருக்கு மேல். கைதானவர்களில் முக்கியமானவருக்கு வயது 17.

எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும், அதன் சாவி நூறு பேரிடம் இருந்தால் நூறு தொலைபேசி எண்கள் அதற்கு வழி. ‘அட்மின்’ என்ற ஒரே பட்டத்தை எல்லோருக்கும் கொடுப்பது இந்தக் காரணத்தால்தான் ஆபத்து. கடிதங்களுக்குப் பதில் எழுதுபவருக்குக் கடிதங்கள் மட்டும். செய்தி திருத்துபவருக்குச் செய்திகள் மட்டும். புதிய ஊழியரைச் சேர்க்கும் உரிமை ஓரிருவருக்கு மட்டும். ஒருவருடைய மின்னஞ்சல் முகவரியை மாற்றுவது போன்ற கனமான செயலுக்கு இரண்டாவது ஒருவரின் ஒப்புதல் வேண்டும். யார், எப்போது, எதை, எதிலிருந்து எதுவாக மாற்றினார்கள் என்ற பதிவேடு வேண்டும். அதை அட்மினாலும் அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும்.

ஒப்புதல் முறை ஒன்றே காப்பாற்றிவிடாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்குக்குத் திரும்ப வேண்டுமென்றால், திரையில் மூன்று பெட்டிகளைக் குறிக்க வேண்டும். பணியாளர் ஒன்றை மட்டும் குறித்தார். மேலும் இருவர் அதைப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். மூவருக்கும் அது சரியாகவே பட்டது. ஏறத்தாழ 90 கோடி டாலர் வங்கியை விட்டு வெளியே போனது. அதில் திரும்பி வராத 50 கோடி டாலரை வாங்கியவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று 2021-இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் அது மாறியது. அந்தத் திரை ‘இந்தத் தொகை வங்கிக்கு வெளியே போகிறது’ என்று பளிச்சென்று சொல்லியிருந்தால், மூவரில் ஒருவராவது நிறுத்தியிருப்பார். பொதுப் பக்கத்தின் பொத்தானுக்கு என்ன நிறம் என்று வாரக்கணக்கில் பேசும் நாம், அட்மின் பக்கத்தை ‘உள்ளே இருப்பவர்கள் பழகிக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடுகிறோம். மாதத்துக்கு ஒருமுறை தொடும் திரையை யாரும் பழகிக்கொள்வதில்லை.

நீங்கள் ஒரு தளத்தை நடத்துகிறவர் என்றால் இன்று மாலை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். அட்மினாக லாகின் செய்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில், லாகின் செய்யாமல், அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள். அடுத்து ஒரு சாதாரணப் பயனராக லாகின் செய்து அதே முகவரிகளை மறுபடியும் இடுங்கள். லாகின் பக்கமோ, 403 என்ற மறுப்போ, 404 என்ற ‘இல்லை’யோதான் வர வேண்டும். பிறகு அட்மின் உரிமை உள்ளவர்களின் பட்டியலைத் திறந்து, வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களை நீக்குங்கள். இட்டுப் பார்த்த முகவரிகளில் ஒன்று திறந்துகொண்டாலும், அதை மூடும் வரை வேறு வேலையைத் தொடாதீர்கள்.